நூற்றைம்பதைத் தாண்டாது

குழாயின் மேல் ஒட்டியிருந்த பெயரை அவள் இரண்டாம் முறை படித்தாள்.

முகமது யூனுஸ். வயது 61. கணைய அழற்சி. நாற்பத்தெட்டாம் மணி நேர ரத்தம்.

இதே ஆய்வகத்தில் பதினெட்டு வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். ஒரு நாளும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆஸ்பத்திரிக்கே அவர் பாய்தான்.

ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. முந்தாநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர், மேல்மாடி வார்டில் கிடக்கிறார்.

போன் அடித்தது. வார்டு டாக்டர்.

"அக்கா, பாயோட சி.ஆர்.பி. வந்துச்சா? ஐ.சி.யூ.வுல ஒரு கட்டில்தான் காலி. நூத்தம்பதுக்கு மேலன்னா உடனே மாத்திடுறேன். கீழன்னா இங்கயே இருக்கட்டும்."

"பத்து நிமிஷம் டாக்டர்."

நூற்றைம்பது. ரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற அந்த எண் அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் வீட்டுக்குப் போகிற நோவு. மேலே என்றால் கிட்னி, நுரையீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவைக்கிற நோவு.

மேல்நீர் பிரிவதற்காகக் குழாயைச் சுழலியில் சுற்ற வைத்தாள்.

அந்தக் காலத்தில் பதினோரு மணி டீயை யார் வாங்குவது என்பதையும் இந்த எண்தான் தீர்மானித்தது. கணைய நோயாளியின் ரத்தம் வந்தால், முடிவு வருமுன் இருவரும் கையுறை டப்பாவின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும்.

பாய் முந்திக்கொள்வார்.

"தாண்டாது தாயி. எழுதி வச்சுக்க."

யாராக இருந்தாலும் தாண்டாது. மூச்சு வாங்க வந்தவனுக்கும் தாண்டாது. பந்தயம் என்றால் எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டுமே. அதனால் 'தாண்டும்' அவள் பங்கு. எங்கெங்கோ காட்டி, முற்றிய பிறகு வந்து சேருகிற ஆஸ்பத்திரி இது. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

"இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டும் உங்களுக்குக் கணிக்கத் தெரியலையே பாய்!" என்று கிண்டலடித்தபடி டீயை ஊதி ஊதிக் குடிப்பாள். மனுஷன் கோபித்துக்கொண்டதே இல்லை.

நோன்பு மாதத்தில் மட்டும் பந்தயம் கிடையாது. "பாரு, இந்த மாசம் பூரா நான் சொன்னபடியே வருது" என்று அலுத்துக்கொள்வார்.

என்ன நாட்கள் அவை! இப்போது பக்கத்து ஸ்டூலில் காகிதக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

டப்பாவின் ஓரத்தைக் கிழித்தாள். 'பாய்' என்று எழுதி, பக்கத்தில் 'தாண்டாது' என்று எழுதினாள். அதற்கு அவரைக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து அவள் முறை.

பேனா நின்றது.

தாண்டாது.

எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்த மனுஷன் பதினெட்டு வருஷமாகக் கணிக்கவே இல்லை. வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். அது புரியாமல் எத்தனை டீயைக் குடித்துத் தொலைத்தோம்!

மிஷின் எண்ணைக் காட்டியது.

தொண்ணூற்றிரண்டு.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அல்லாவே" என்றாள், வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள்.

போனை எடுத்தாள்.

அப்போதுதான் குழாயைப் பார்த்தாள். சிவப்பு கழுத்து வரை நின்றது. மேலே மஞ்சள் நீர் ஒரு நகக்கண் அளவுதான். உடம்பு உள்ளுக்குள் நீரை இழந்துகொண்டிருந்தால் ரத்தம் இப்படித்தான் கெட்டிப்படும்.

வீரணன். லாரி டிரைவர். அன்றும் இதே சின்ன மிஷின், இதே நகக்கண் நீர், இப்படியே ஒரு நல்ல எண். பாய் ஜெயித்தார். சிரிக்கச் சிரிக்க டீ குடித்தார்கள். மறுநாள் காலை வீரணன் இல்லை.

மிச்சமிருந்த ரத்தத்தை உப்புநீர் கலந்து மறுபடி ஓட்டினால், நானூறு. பந்தியில் கூட்டம் நெரிந்தால் எண்ணுகிறவனுக்குக் கணக்குத் தப்பும். அந்த மிஷினும் அப்படித்தான், அளவு மீறிப்போனால் குழம்பிக் குறைத்துச் சொல்லும். ஒரு வாரம் இருவரும் டீப் பக்கமே போகவில்லை. அதன் பிறகு அது அவர்கள் வழக்கமானது. மேல்நீர் குறைந்தால் கலக்கி ஓட்டு.

விட்டுவிடேன், தொண்ணூற்றிரண்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றது மனசு.

போனை வைத்தாள். உப்புநீரை எடுத்தாள்.

நானூற்றுப் பதினெட்டு.

"டாக்டர், நானூத்திப் பதினெட்டு. அந்தக் கட்டில யாருக்கும் குடுத்துறாதீங்க."

ஐ.சி.யூ.வுக்கு ஆய்வகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் நின்றாள். 'தாண்டல பாய்' என்று சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அவர் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"கலக்கி ஓட்டுனியா தாயி?"

பொய்யை விட்டுவிட்டாள்.

"ஓட்டுனேன் பாய்."

"அப்பச் சரி."

எண்ணை அவர் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"ரெண்டு பேருமே தோத்துட்டோம் பாய். டீ யாரு வாங்குறது?"

கண் திறந்தது. அவளையே பார்த்தார்.

"நீயுமா?"

அவள் தலையாட்டினாள். அழுதுகொண்டிருந்தாள்.

"வந்து சொல்றேன்" என்றார்.

கதவு மூடிக்கொண்டது.

பதினோரு மணிக்கு டீக்காரர் தூக்குடன் எட்டிப் பார்த்தார்.

"ஊத்தவாம்மா?"

கிழித்த அட்டை அவள் கையிலேயே இருந்தது.

"இருங்கண்ணே" என்றாள். "இன்னும் முடிவாகல."