கோழிக்குஞ்சுக்கு உறை ஊற்றியவர்

"அரை வாளி கோழி எச்சம். தினமும். என் குஞ்சுக் கூட்டுக்குள்ள," என்றாள் ராய்னா.

ஊராட்சித் தலைவி இஸ்க்ரா குடித்துக்கொண்டிருந்த காபியை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"யாரு கொட்டறாங்க அக்கா?"

"பக்கத்து வீட்டு பென்ச்சோ. ஒம்பது நாளாச்சு. விடிஞ்சும் விடியாம சுவர் ஏறிக் குதிச்சு வந்து, கொட்டிட்டு, வந்த வழியே போறார். என் கண்ணால பார்த்தேன். எழுதிக்கோ."

இஸ்க்ரா எழுதிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை.

ராய்னாவின் கோழிக்கூடுதான் பல்கேரியாவிலேயே சுத்தமானது என்று ஊரில் பேச்சு. வாரத்துக்கு இரண்டு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவாள். அவள் குஞ்சைத் தூக்கிப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கை கழுவ வேண்டும். பார்த்த பிறகு கழுவுவது அவரவர் இஷ்டம்.

பென்ச்சோவுக்கும் அவளுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. ஒரு கல்யாணத்துக்கு அவள் சுட்டுக் கொண்டுபோன பனித்ஸா என்ற சீஸ் பலகாரத்தில் உப்புத் தூக்கல் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால்.

இஸ்க்ரா போன் போட்டதும், மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பென்ச்சோ ரப்பர் பூட்ஸோடு வந்து சேர்ந்தார். ராய்னாவைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே இது? வயசுக்குத் தகுந்த வேலையா?"

"அவங்க குஞ்சு செத்துக்கிட்டு இருந்துச்சா இல்லையான்னு கேளும்மா."

இஸ்க்ரா ராய்னா பக்கம் திரும்பினாள்.

"முப்பதுல பதினொண்ணு போச்சு. எல்லாம் பேதி. அதுக்கும் இவர் வாளிக்கும் என்ன சம்பந்தம்னு கேளு."

இருவருக்கும் நடுவில் நாலடிதான் இடைவெளி. ஆனாலும் எல்லாமே இஸ்க்ரா வழியாகத்தான் போய் வந்தது. அவள் கழுத்து வலிக்க ஆரம்பித்தது.

"மிஷின்ல பொரிச்ச குஞ்சும்மா அது. தாய்க்கோழி மூஞ்சியையே பார்த்ததில்ல," என்றார் பென்ச்சோ. "தாய்க்கோழி கூடத் திரிஞ்சா, அது போட்டதைக் கிளறும், கொத்தும். அதுல இருக்கிற நல்ல கிருமி குஞ்சோட குடலுக்குள்ள போய்க் குடியேறிடும். தின்னது செரிக்க ஒத்தாசை பண்ணும். கெட்ட கிருமி வந்தா 'இங்க இடமில்ல, போ'ன்னு விரட்டிடும். இவங்க தேய்ச்சுக் கழுவுற கழுவுல குடல் காலி வீடாக் கிடக்குது. எந்தத் திருடன் வேணா நுழையலாம்."

"அதுக்கு எச்சத்தையா கொட்டணும்?"

"உங்க வீட்டுல தயிர் எப்படிப் போடறே?"

"பாலைக் காய்ச்சி, ஆறினதும் பழைய தயிர் ஒரு கரண்டி விடுவேன்."

"அதேதான். என் கோழிங்களுக்கு ஒரு நோய் நொடி கிடையாது. டாக்டரே வந்து பார்த்துட்டுப் போனார். கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஜாதி. அதுங்ககிட்ட உறை எடுத்து இந்தக் குஞ்சுங்களுக்கு ஊத்தினேன். கோழிப் பண்ணையில இருபது வருஷம் இருந்தவன், எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அவ்வளவுதான்."

மத்தியானச் சாப்பாட்டுக்கென்று மேசையில் வைத்திருந்த தயிர்க் கிண்ணத்தை இஸ்க்ரா ஒரு கணம் பார்த்தாள். எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"இதை நேராச் சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"யாருகிட்ட? பேச்சு வார்த்தையே இல்லையே."

"பேச்சு வார்த்தை இல்லாதவங்களுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?"

பென்ச்சோ தன் பூட்ஸைப் பார்த்தார்.

"ஒவ்வொரு குஞ்சு சாகறப்பவும் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சற சத்தம் கேக்குது. எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

அதற்கு மேல் அவர் உட்காரவில்லை. நாற்று காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இஸ்க்ரா கதவைச் சாத்தினாள்.

"இந்த ஒம்பது நாள்ல எத்தனை குஞ்சு செத்துச்சு அக்கா?"

"முதல் நாள் ஒண்ணு. அப்புறம் இல்ல."

"பேதி?"

"நின்னு ஒரு வாரம் ஆச்சு."

"அப்போ புகாரைக் கிழிச்சுப் போட்டுடலாம்."

"கிழிக்காதே. அவர் சுவர் ஏறக் கூடாதுன்னு உத்தரவு எழுதி, முத்திரை குத்தி அனுப்பு."

இஸ்க்ராவுக்கு வந்ததே கோபம்.

"அக்கா, உங்களுக்கு நல்லது பண்ணின மனுஷன். கைமாறு செய்ய வேணாம். காட்டிக் கொடுக்காமலாவது இருந்திருக்கலாம். இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது."

"நல்லது பண்றார்னு எனக்கு மூணாம் நாளே தெரியும்," என்றாள் ராய்னா அமைதியாக. "அவர் கொட்டிட்டுப் போனதும் அதைக் கூடு பூரா பரப்பி விடறது யாருன்னு நினைக்கிறே?"

"பின்ன எதுக்கு இந்தப் புகார்?"

ராய்னா எழுந்து ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஆறடிச் சுவர்ம்மா அது. அவருக்கு அறுபத்தெட்டு வயசு. குதிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் எனக்கு உசுரு போயிட்டு வருது. நான் வாயைத் திறந்து சொல்ல முடியாது. நீ எழுது, இனிமே வாசல் வழியாத்தான் வரணும்னு."