கறாரான காவல்

"ரெண்டுல எதப் போடுவோம் ஜீவா? படிச்ச புள்ள, நீயே சொல்லு" என்று பெரிய கிளாக்கர் போன மாதம் கேட்டார். தேயிலைத் தோட்டத்து ஆபிஸ் கம்ப்யூட்டர்களுக்கு வைரஸ் வராமல் தடுக்கும் இரண்டு மென்பொருள்களில், கறாரானதையே அவரிடம் வேலை பார்க்கும் ஜீவராணி காட்டினாள்.

அதை விற்ற நிரஞ்சன் இன்று அட்டன் நகரத்திலிருந்து சரிபார்க்க வந்திருந்தான். வாசல் பெஞ்சில் செல்லசாமி உட்கார்ந்திருந்தார். போன வாரம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் மேல் மண் சரிந்ததில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர். மரணப் பதிவுக்கான கடிதத்துக்காகக் காத்திருந்தார்.

"ஒரு வைரஸ் வரலயே அக்கா! எங்க கடையிலயே இதுதான் முரடு. விட்டா முதலாளியவே உள்ள விடாது" என்றான் நிரஞ்சன்.

"எதையாச்சும் தடுத்துச்சா?"

"ஒன்னே ஒன்னு. போட்ட அன்னைக்கே ஒரு புரோகிராம நிறுத்தியிருக்கு. யாரோ வீட்டுல எழுதுன மாதிரி இருக்கு. அழிச்சிறவா?"

ஜீவராணி திரையை எட்டிப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழிக்காத தம்பி. மழ கூடுனா லயத்த விட்டு ஓடச் சொல்லி ஃபெக்டரி சங்க ஊத வைக்கிறது அதுதான்."

"அப்ப, மண்ணு சரிஞ்ச அன்னைக்கு சங்கு ஊதலயா?"

அவள் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தாள். வாசலில் பெஞ்ச் கிரீச்சிட்டது. எழுந்து நின்ற செல்லசாமி அவளையே பார்த்தார்.

"மாமா..." என்று அவள் கடிதத்தை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. படியிறங்கிப் போனார்.