மூன்றாம் நாளும் கிளம்பாத விமானம்

தாராபுரத்துத் தனியார் ஓடுதளத்தில் மெக்கானிக்காக இருந்த பவளக்கொடி, அந்தச் சிறிய விமானத்தின் இஞ்சினை மூன்றாவது நாளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோளாறு எங்கே என்று இஞ்சின்களே வாய்விட்டுச் சொல்லும் காலம் அது. இந்த இஞ்சின் முதல் நாள் ஸ்பார்க் பிளக் என்றது, மறுநாள் பெட்ரோல் பம்ப் என்றது. இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. இன்று ஆயில் கசிகிறது என்றது. அவள் துடைத்த துணியில் கறைகூடப் படவில்லை.

"எதுக்கு இப்படிப் பொய் சொல்ற?" என்று அதட்டினாள்.

இஞ்சின் தணிந்த குரலில் சொன்னது. "மொதலாளி கடல் வரைக்கும் போறதுக்குத்தான் பெட்ரோல் போடச் சொல்றாரு. திரும்பி வர்றதுக்குக் கேக்கவே இல்ல."

பவளக்கொடி இஞ்சினிலிருந்து கையை எடுத்தாள். கோளாறைத் தவிர வேறெதையும் பேச அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. விமானத்தின் சொந்தக்காரர் குழந்தைவேல், போன மாதம்தான் மனைவியைப் பறிகொடுத்தவர்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர் வந்து நின்றார். "சரியாயிடுச்சாம்மா?"

"இல்லீங்கய்யா. இன்னிக்கும் பறக்காதுங்க." அவள் வாழ்நாளில் இஞ்சின் விஷயத்தில் சொன்ன முதல் பொய் அது.

அவர் அவளையே உற்றுப் பார்த்தார். "அப்ப நாளைக்கு?"

அவள் வாய் திறப்பதற்குள் இஞ்சின் பதில் சொன்னது. "நாளைக்கும் பறக்க மாட்டனுங்க."

குழந்தைவேல் இஞ்சின்மேல் கை வைத்தார். பிறகு இறக்கையின் நிழலில் உட்கார்ந்து, மனைவி போனதிலிருந்து அழாத அழுகையை அழுதார்.