வானுக்குள் பேசும் அன்ரி

மெல்பேர்ன் துறைமுகத்துக்கு மேலே போகும் உயர்ந்த பாலத்தில், கொட்பிறியின், யப்பானிலிருந்து இறக்கிய பழைய டீசல் வான் கடகடத்தபடி ஏறுகிறது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் ஒரே வசனத்தைச் சொல்லும். அது வணக்கம் சொல்வதாகவே வீட்டில் நினைத்திருக்கிறார்கள்; சின்ன மகள் டில்ஷா "ஓம் அன்ரி" என்று பதிலும் சொல்வாள். இப்போது நடுப்பாலத்தில் அந்தக் குரல் புதிதாக, நீளமாக ஏதோ சொல்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வாசிக்கத் தெரியாத எழுத்தொன்று சிவப்பாக எரிகிறது. பின்னால் லொறி நெருங்கி வருகிறது. "என்னவாம் சொல்லுறா?" பக்கத்தில் இருக்கும் மனைவி நிரஞ்சலாவின் விரல்கள் செபமாலையை இறுக்குகின்றன. "எனக்கென்ன யப்பான் பாசையே தெரியும்?" என்கிறான் கொட்பிறி. ஒதுங்க இடமில்லை. அவன் கால் பிரேக்கை மிதிக்கப் பயந்து அதற்குமேல் தொடாமல் நிற்கிறது. குரல் அதே மரியாதையோடு திரும்பவும் சொல்கிறது. பின்னிருக்கையிலிருந்து டில்ஷா சந்தோஷமாக, "ஓம் அன்ரி" என்கிறாள்.