ராஜா முத்திரை குத்திய பெட்டி

இங்கிலாந்து ராஜாவின் முத்திரையோடு அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த தேயிலைப் பெட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னை வாங்கிக் குடிக்கணும்னா இந்த ஊர்க்காரங்க ராஜாவுக்கு வரி கட்டணும், தெரியுமா?" என்று கப்பலிடம் பீற்றிக்கொண்டது.

ஊர்க்காரர்களோ, "எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் வரியா?" என்று கொதித்துப்போய்ப் பெட்டியைத் தூக்கிக் கடலில் வீசிவிட்டார்கள். தேயிலையெல்லாம் அலையோடு போக, வெறும் பெட்டி கடலடியில் கிடந்து அழுதது.

ஒரு நண்டு வந்து பலகையைத் தட்டியது. "அண்ணே, உள்ளே வரலாமா?"

பெட்டிக்கு அழுகை சட்டென்று நின்றது. தேயிலையை அடைத்தவர்கள் அதை ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஆணி அடித்தவர்கள் கேட்டதில்லை, தூக்கி எறிந்தவர்களும்கூடக் கேட்கவில்லை. "வா தம்பி, குடும்பத்தோட வா!" என்றது.

மேலே ஊர்க்காரர்களுக்கும் ராஜாவின் படைக்கும் சண்டை மூண்டு, வருஷக்கணக்கில் பீரங்கி முழங்கியது. கீழே நண்டுக் குஞ்சுகள் பெட்டிக்குள் ஓடிப்பிடித்து விளையாடின. கடைசியில் ராஜாவின் படை தோற்றுப்போய் மூட்டைமுடிச்சோடு கப்பல் ஏறியது. நங்கூரத்தை இழுக்கும்போது அந்தப் பழைய கப்பல் பெட்டியைப் பார்த்துவிட்டது.

"அடேய், நீ ராஜா சொத்து! கிளம்பு, போகலாம்."

பெட்டி அசையவில்லை. "கொஞ்சம் பொறு. உள்ளே குடியிருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்."