கசங்காத படுக்கை

“சாப்பாட்டுக்கு மணிக்கணக்கா வரிசை. நீச்சல் குளத்துல கால் வைக்க இடமில்லை. சுற்றுலாக் கப்பல்ல கூட்டம்னு பொறுத்துக்கிட்டேன். ஆனா வந்த நாள்ல இருந்து அதே துண்டு, அதே விரிப்பு! ரூமை ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. இதைச் சும்மா விடமாட்டேன்!”

“விடும்மா, வந்த இடத்துல எதுக்கு வம்பு?” என்று முனகிய கணவரையும் இழுத்துக்கொண்டு மேலாளர் முன் போய் நின்றாள் அவள்.

மேலாளர் கூப்பிட்டனுப்ப, அந்த அறைக்குப் பொறுப்பான பணிப்பெண் ஓடி வந்தாள்.

“தினமும் கதவைத் திறந்து பார்த்தேன் மேடம். படுக்கையில ஒரு சுருக்கம் இல்லை. பாத்ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. பெட்டி, செருப்புகூட கண்ணுல படலை. யாரும் தங்காத ரூம்னு நினைச்சிட்டேன்.”

மனைவியின் கோபம் பொசுக்கென்று அடங்கியது. தன் கைகளையே பார்த்தாள்.

கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இவ இருபது வருஷமா ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்றவ. எழுந்ததும் கை தானா வேலையை ஆரம்பிச்சிடுது. இவளுக்கே தெரியறதில்லை.”

“அட, நம்ம ஆளா!” பணிப்பெண்ணின் முகம் மலர்ந்தது. “நாளைக்கு அப்படியே போட்டுட்டுப் போங்கக்கா. நான் பார்த்துக்கறேன்.”

மறுநாள் காலை படுக்கை கலைந்து கிடந்தது. கணவர் நிதானமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அறைக்கு வெளியே, கைகளை இறுகக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள் அவள்.

“சீக்கிரம் வாங்க! திரும்பிப் பார்த்தேன்னா மடிச்சு வச்சிடுவேன்!”