பழசா, புதுசா?

"மேடம், அந்த ஆளு இன்னைக்கும் வந்திருக்காரு. கையில அதே பொட்டலம்."

ஹெப்ரான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் இருபது வருடமாக உதவியாளர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு.

வந்திருந்தவர் சூசை மிக்கேல். புன்னக்காயல் மீனவர். இரண்டு மாதத்துக்கு முன் முகத்துவாரத்து மணலில் அவர் காலில் தட்டியது, தேங்காய் அளவுக்கு ஒரு அம்பர் கட்டி.

அம்பர், திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் உருவாகிக் கரையில் ஒதுங்குவது. வாசனைத் திரவியக்காரர்கள் அதற்காகச் சொத்தையே எழுதிக் கொடுப்பார்கள். நம் நாட்டுச் சட்டப்படியோ, வைத்திருந்தாலே ஜெயில். மனிதர் நேரே வனத்துறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அவர்கள் ஆராய்ச்சிக்காகப் பேராசிரியை ரீபாவிடம் ஒப்படைத்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் தங்கமான மனிதர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை தவறாமல் பஸ் பிடித்து பாளையங்கோட்டையில் இறங்கி, இங்கே வந்து நின்றுவிடுகிறார். கேட்பதும் ஒரே கேள்வி.

"டீச்சர், அது பழசா, புதுசா?"

அம்பரில் பழசுக்குத்தான் மவுசு. புதுசு கறுப்பாக இருக்கும், நாறும். வெளுக்க வெளுக்கத்தான் விலை ஏறும்.

"ரெண்டு கட்டி கெடச்சிருக்கும் மேடம்," என்றார் ஹெப்ரான். "ஒண்ணக் குடுத்து நல்லபேரு வாங்கிட்டு, இன்னொண்ணு என்ன வெலைக்குப் போகும்னு நம்மகிட்டயே நூல் விட்டுப் பாக்காரு. வனத்துறைக்கு ஒரு போன் போட்டுருதேன்."

ரீபாவுக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை.

"கொஞ்சம் பொறுங்க. ரிசல்ட் வந்திருச்சு. சொன்னா முகத்துலயே தெரிஞ்சிரும்."

சூசை மிக்கேலை உள்ளே கூப்பிட்டு, லென்சுக்கு அடியில் ஒரு கறுப்புத் துணுக்கைக் காட்டினார்.

"இது கணவாயோட அலகு, அண்ணாச்சி. திமிங்கிலம் முழுங்குனது. செரிக்காம அந்தக் கட்டிக்குள்ளயே இருந்திருக்கு. கார்பன் சோதனையில வயசு சொல்லிட்டாங்க. எண்ணூறு வருஷம்."

காலையிலிருந்து பத்து தடவை படித்த ரிசல்ட் தாள்தான். ரீபா அதை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

"காயல் துறையில பாண்டியருக்குக் குதிரை வந்து இறங்குன காலம். அப்ப ஒரு திமிங்கிலம் தின்ன கணவாய் இது. இத்தன வருஷம் தண்ணியில மிதந்துச்சோ, மணலுக்குள்ள கெடந்துச்சோ, நேத்து தின்ன மாதிரி அலகு அப்படியே இருக்கு."

ஹெப்ரான்கூட ஒரு நிமிடம் போனை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

சூசை மிக்கேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"அப்ப புதுசு இல்லையா, டீச்சர்?"

"பழசுதான அண்ணாச்சி உசத்தி?"

"சரி, வாரேன்."

வாசலை மறித்துக்கொண்டு நின்றார் ஹெப்ரான். "போறதுக்கு முன்னால அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுக் காட்டிட்டுப் போம்வே."

சூசை மிக்கேல் அவரையும் ரீபாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை மெதுவாக மேஜைமேல் வைத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு சாண் நைலான் கயிறு. அதன் முறுக்குக்குள் கறுப்பாக, காய்ந்துபோன தோல்.

"போன வருஷம் ஆத்து வாயில ஒரு திமிங்கிலம் தரைதட்டிக் கெடந்துது. பெட்டி கணக்கா தல, அம்பர் கக்குற சாதிதான். வாலுல கயித்தக் கட்டி, நாலு வள்ளத்துல நாளெல்லாம் இழுத்து ஆழத்துல கொண்டு விட்டோம். கயிறு அறுத்த தோலு இது. அதுக்கப்புறம் அது பொழச்சுதா செத்துதான்னு தெரியல."

"இத எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?" என்றார் ரீபா.

"தோலையும் அம்பரையும் ஒத்துப் பாத்தா ஒரே மீனான்னு சொல்லிரலாம்னு பேப்பர்ல போட்டிருந்தான். கட்டி புதுசுன்னா, நாங்க விட்ட திமிங்கிலம் இப்பக் கக்குனதா இருக்கும்னு நெனச்சேன். புதுசுன்னு நீங்க சொல்லியிருந்தா நானே பிரிச்சுக் காட்டியிருப்பேன்."

ஹெப்ரான் வாசலை விட்டு விலகினார்.

"இந்தத் தோல வச்சிருந்தாலும் குத்தம்தான், அண்ணாச்சி. தெரியுமா?" என்றார் ரீபா.

"தெரியும், டீச்சர். அது உசுரோட இருக்குன்னு மட்டும் நீங்க சொல்லியிருந்தா, நிம்மதியா உள்ள போயிருப்பேன்."